மீட்டர் பெட்டியில் வளர்ந்த கள்ளிமுளையான்

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நம் வீடுகளில் என்னென்ன எடுத்து வைப்பார்கள் என்று உங்களுக்கும் நினைவிருக்கும். சுண்ணாம்பு வாளி, தேய்ந்த துடைப்பம், சிலுவையில் மங்கிய எழுத்தின் மேல் பூசக் கறுப்புப் பெயிண்ட், துடைக்கப் பழைய பனியன், ஈரச் சாக்கில் சுற்றிய சாமந்தி, மெழுகுவர்த்தி, காற்றில் அது அணையாமலிருக்கப் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில்கள். எதையும் இப்படி வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நினைவு ஒழுங்காக வருகிறது. மண் பரிசோதனைக் கூடத்து வேலை அப்படிப் பழக்கிவிட்டது. நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் எங்கள் வீட்டு வரிசையில் ஒன்று கூடுதலாக இருந்தது: இரும்பு மீட்டர் பெட்டியில் வளர்ந்த ஒரு செடி. அந்தத் திருநாளில் எங்கள் குடும்பக் கல்லறையைச் சுற்றி நடந்ததை உங்களில் சிலர் வேறு விதமாகக் கேள்விப்பட்டிருக்கலாம். பள்ளியில் சில நாள் என் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். நடந்தது இதுதான்.

செடியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மின்துறையில் ரீடிங் எடுக்கும் வேலை. ஊருக்கு மேற்கே கிராமம் கிராமமாகப் போவார். திரும்பும்போது பையில் எனக்கு ஏதாவது இருக்கும். நாவற்பழம், தீப்பெட்டிக்குள் பொன்வண்டு, ஒருமுறை முழுசாகக் கழன்ற பாம்புச் சட்டை. அம்மா அதைப் பார்த்துப் போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டது. ஒரு நாள் செம்மண் மேடு ஒன்றைப் பிளாட் போடுவதற்காகச் சமன் செய்துகொண்டிருந்தார்களாம். இயந்திரம் புரட்டிப்போட்ட சரளைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தார். விரலைவிடக் கொஞ்சம் தடிமன், நாலு பக்கமும் பட்டை, இலையும் இல்லை, முள்ளும் இல்லை.

அப்பா பார்த்ததும் சொல்லிவிட்டார். "கள்ளிமுளையான். சின்ன வயசுல ஆடு மேய்க்கறவங்களோட சேந்து நெறைய தின்னுருக்கேன். துவையல் அரைச்சா இன்னும் நல்லா இருக்கும்."

"துவையலுக்கு இல்ல மச்சான், இத பூக்க விடப் போறேன்" என்றார் மாமா.

"பூ எப்படி இருக்கும் மாமா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது. தெரியாததனாலதான வெச்சிருக்கேன்."

ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு பழைய மீட்டர் பெட்டியை வாங்கிவந்து அதில் சரளையும் செம்மண்ணும் நிரப்பி நட்டார். பெட்டியின் அடியில் ஒயர் போவதற்கான ஓட்டைகள் இருந்தன. இந்த வகைச் செடி தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தண்ணீர் தேங்கித்தான் அழுகிச் சாகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். பூந்தொட்டியில், எரு போட்ட கறுப்பு மண்ணில், அக்கறையாகத் தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது. மாமாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் கைக்குச் சும்மா கிடைத்தது அந்தப் பெட்டிதான்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. செடி பெருகியது, பூக்கவில்லை. "அடுத்த வருசம் பூக்கலன்னா அம்மிக்குத்தான்" என்று அப்பா அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அந்த அடுத்த வருடக் கோடையில் மாமாவுக்கு மஞ்சள்காமாலை முற்றிக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தவை ஒரு ஃபிளாஸ்க், இரண்டு லுங்கி, அவருடைய கைக்கடிகாரம், யாரும் தொடாத ஒரு பை சாத்துக்குடி. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, எங்களோடு லாஸ்பேட்டைக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு என் இப்போதைய வயதுகூட இருந்திருக்காது. ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த மீட்டர் பெட்டியும்தான் அவர் கொண்டுவந்தவை. கல்லூரிக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போனார். மாலையில் வந்தால் கையில் அந்த மையின் சூட்டு வாசனை இருக்கும். வீட்டில் வேலை செய்வார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். நான் அடிக்கும் எந்த ஜோக்குக்கும் அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போது பெரிய தோல்வியாக இருந்தது.

அக்டோபர் மழைக்குப் பிறகு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார். தண்டுகளில் ஒன்றின் நுனியில் மொட்டுகள் நெருக்கமாக, ஒரு எலுமிச்சை அளவுக்குப் பந்தாகத் திரண்டிருந்தன. அவர் அதைத் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கீழே வந்து அம்மாவிடம் கேட்டார்.

"அண்ணி, திருநாளுக்கு இத அவர்கிட்ட கொண்டுபோய் வெக்கலாமா? பூக்கப் போவுது. அவர் பாக்கட்டும்."

அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "நல்லதுதாம்மா. சாமந்தி மறுநாளே வதங்கிடுது. இது தண்ணியே கேக்காது, வருசம் பூரா இருக்கும். எல்லாரும் பாக்கறாப்புல தலமாட்டுலயே வெச்சிடலாம்."

அந்தப் பூவை எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அதைத் தின்று வளர்ந்த அப்பாகூடப் பார்த்ததில்லை; பூக்கிற வரைக்கும் அவர்கள் அதை விட்டுவைத்தால்தானே.

அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நான் நின்றுகொள்ள, என் இரண்டு காலுக்கும் நடுவில் மீட்டர் பெட்டியை வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். சுண்ணாம்பு அடித்து முடித்து, சிலுவைக்குக் கீழே, தலைமாட்டில் வைத்தோம். பளிச்சென்ற வெள்ளைக்கு நடுவில் அந்தப் பச்சை நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள்கூட "இது நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று விசாரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் போனபோது பந்து விரிந்திருந்தது. கறுப்பா, அரக்கா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். ஒவ்வொரு பூவும் ஐந்து முனை நட்சத்திரம். உள்ளே மெல்லிய மஞ்சள் வரிகள். வெல்வெட் துணியில் தைத்த மாதிரி இருந்தது. அத்தை அசையாமல் நின்று பார்த்தார்.

நாற்றம் அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அன்று பகல் முழுக்க நல்ல வெயில்.

தோட்டம் முழுவதும் ஜனம். மெழுகும் சாம்பிராணியும் சம்பங்கியும் கலந்த அந்தத் திருநாள் வாசனைக்குள் எங்கள் இடத்தில் மட்டும் ஏதோ செத்து அழுகிய வீச்சம். பக்கத்துக் கல்லறை அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினார்.

"எலி கிலி செத்துக் கெடக்குதா பாருங்க."

"எலின்னா இவ்ளோவா வரும்?" என்றார் அவர் வீட்டுக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எங்களுக்குக் கேட்கிற மாதிரி, "இந்தக் கோடையிலதான அடக்கம் பண்ணாங்க? ஆழம் பத்தல போல" என்றார்.

அந்தப் பேச்சு கல்லறைக் காவல்காரர் காதுக்குப் போய்விட்டது. குழி வெட்டுவதும் அவர்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யார் சொன்னது ஆழம் பத்தலன்னு? என் மாரு வரைக்கும் வெட்டனேன். இத்தினி வருசத்துல என் குழிய ஒருத்தன் கொற சொன்னது கெடையாது."

சொல்லிவிட்டு, கோபத்தோடு மண்டி போட்டு உட்கார்ந்து, கல்லறையின் ஓரமாகவே மோந்து பார்த்துக்கொண்டு தவழ்ந்தார். கால்மாட்டில் ஆரம்பித்துத் தலைமாட்டுக்கு வந்தார். மீட்டர் பெட்டிக்கு நேராக வந்ததும் தலையைப் பின்னால் இழுத்தார்.

"இன்னாம்மா இது? கல்லறையில வெக்கற பூவா இது? என் பேரக் கெடுக்கறதுக்குன்னே கொண்ணாந்தீங்களா?"

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் கல்லறைகளை ஜெபம் சொல்லி மந்திரித்துக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். தீர்த்தச் செம்பு பிடித்த பீடப்பையன் மூக்கைச் சுருக்கினான். சாமியார் ஜெபத்தை வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடித்துத் தீர்த்தத்தைக் கொஞ்சம் தூரத்திலிருந்தே தெளித்தார். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

அப்போதுதான் அத்தை குனிந்தார். பூவுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு சிலுவையைப் பார்த்து, "ரெண்டு வருசமா காத்துக் கெடந்தீங்களே, இதுக்குத்தானா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய, குலுங்கிச் சிரித்தார். மாமா போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தோளைக் கிள்ளி, அத்தையின் தலைமேல் முந்தானையைப் போர்த்தி, கையைப் பிடித்து வாசல் வரை நடத்திக்கொண்டு போனார். வழிவிட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: "பாவம் புள்ள, தாங்க முடியல."

அது ஒரு தீர்ப்பு மாதிரி எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டது.

"அத மொதல்ல தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்று அம்மா மறுநாள் காலையிலேயே அப்பாவை அனுப்பினார். அப்பா போனபோது காவல்காரர் ஏற்கெனவே பெட்டியை இடம் மாற்றியிருந்தார். தோட்டத்தின் கடைசியில், பழைய மாலைகளைக் குவிக்கும் மூலையில், சுற்றுச்சுவரை ஒட்டி. பக்கத்தில் இரும்புக் கம்பி போட்ட ஒரு சொல்தா வீட்டுக் கல்லறை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவருடைய குடும்பம். அவர் பிள்ளைகள் எல்லாம் பிரான்சுக்குப் போய்விட்டதால் அங்கே குறை சொல்ல ஆளில்லை. அப்பா அப்படியே விட்டுவிட்டு வந்தார். அம்மாவிடம் "ஆச்சு" என்றார். அத்தையிடம் மட்டும் மெதுவாக, "போடலம்மா. பின்னாடி செவுத்தோரம் இருக்கு" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அத்தை கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். துணைக்கு நான். முதலில் மாமாவிடம் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ஜெபம். பிறகு நேராகப் பின்சுவர். முதல் பந்து வாடுவதற்குள் இன்னும் இரண்டு தண்டுகள் மொட்டுவிட்டிருந்தன. அழுகிய சாமந்திக் குவியலுக்குப் பக்கத்தில் அந்த நாற்றம் யாரையும் உறுத்தவில்லை. ஈக்கள்தான் வந்தன. பச்சை மினுமினுக்கும் பெரிய ஈ, சாம்பல் நிற ஈ, நம் வீட்டுச் சமையலறையில் சுற்றும் சாதாரண ஈ. அத்தை சொல்தா கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வார். எனக்குச் சில நேரம் வழியில் வாங்கிய ஒரு பன் கையில் இருக்கும். அதில் உட்காராமல் ஈக்கள் பூவுக்கே போனதில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

"இது ஏமாத்து வேலைடி" என்றார் அத்தை ஒரு நாள். "கறின்னு நெனச்சு வருது பாரு. ஒன்னும் கெடைக்காம போவுது. மறுபடியும் அதே ஈ வருது. அதுக்குப் புத்தியே வராதா?"

"நீங்ககூடத்தான் வாரா வாரம் வர்றீங்க" என்றேன்.

அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தார். ஆனால் சிரித்தார். அதை நான் மனதுக்குள் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த ஏமாற்று வேலையின் நுணுக்கத்தை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பூவில் மகரந்தம் தூளாக இருப்பதில்லை. மெழுகு போன்ற இரண்டு மஞ்சள் பொட்டலம், நடுவில் இரண்டையும் சேர்க்கும் ஒரு குட்டிக் கவ்வி. கறி என்று நம்பி ஈ துழாவும்போது அதன் வாயோ காலோ ஒரு பள்ளத்துக்குள் வழுக்கிப்போகும். இழுத்து விடுவித்துக்கொள்ளும்போது கவ்வி மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் அதே மாதிரி வழுக்கினால் பொட்டலம் அங்கே பொருந்தி நிற்கும். பெரும்பாலும் பொருந்துவதில்லை. பூத்த பூக்களில் காயாவது மிகச் சில. அத்தை இதில் ஒரு பகுதியைத் தானாகவே பார்த்துவிட்டார். ஒரு ஈ காலை இழுக்க முடியாமல் தவித்து, பிறகு மூக்கில் மஞ்சள் பொட்டு வைத்தது போலப் பறந்ததை எனக்குக் காட்டினார்.

"அப்ப இது காய்க்கும்டி" என்றார். "விதை எடுக்கணும். அந்த மேடே இல்லாம போச்சுன்னு உங்க மாமா சொன்னாரு இல்ல? இது ஒன்னுதான் இருக்கு. அவர் ஆச பூவோட நின்னுடுச்சு, நாம விதை வரைக்கும் போவணும்."

வீட்டில் இதை யாரும் அறியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது, சின்ன வயதில் கணவனை இழந்த பெண் வாரா வாரம் கல்லறையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும். கிறிஸ்மஸ் முடிந்து ஒரு நாள், கோயிலில் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னதை நான் கேட்டேன்.

"எப்பவும் அங்கயேதான். இப்படியே விட்டா புத்தி பேதலிச்சுடும். காரைக்கால்ல அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிடலாம்னு பாக்கறோம். இங்க இருந்தா மறக்க மாட்டா."

"தவக்காலம் தொடங்கறதுக்குள்ள அனுப்பிடுங்க" என்றார் உபதேசியார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை அங்க அழறதே இல்ல" என்றேன்.

"பின்ன இன்னா பண்றா?" என்றார் அம்மா.

"ஈ பாக்கறாங்க."

காப்பி டம்ளர் பாதியில் நின்றது. உபதேசியார் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். உதவி செய்வதாக நினைத்து நான் காரியத்தை எவ்வளவு மோசமாக்கினேன் என்பது அன்று இரவே தெரிந்தது. காரைக்காலுக்குப் போன் போட்டுவிட்டார்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் அத்தையின் அண்ணன் வந்து அழைத்துப்போவதாக முடிவாயிற்று.

அத்தை எதிர்த்துப் பேசவில்லை. அவருக்கு அந்த வீட்டில் எதிர்த்துப் பேசுகிற இடம் இல்லை என்று நினைத்திருப்பார்.

பொங்கல் கழிந்த ஞாயிறு. பூக்கள் எல்லாம் எப்போதோ காய்ந்து உதிர்ந்திருந்தன. கிளம்பும் நேரத்தில் நான்தான் பார்த்தேன்: ஒரு தண்டின் நுனியில் இரண்டு பச்சைக் கூர். ஆட்டுக்குட்டிக்கு முளைக்கும் கொம்பு மாதிரி, ஒரே இடத்திலிருந்து இரட்டையாக. இத்தனை நாள் உள்ளுக்குள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று நீள ஆரம்பித்திருந்தன. அதற்கடுத்த வாரம் என் விரல் நீளம்.

அன்று சாப்பிடும்போது அத்தை பேசினார். "அண்ணி, காய் வெடிக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

"எந்தக் காய்?"

"அவர் வெச்ச செடி. தூக்கிப் போடல, இருக்குது. காய்ச்சிருக்கு. நீங்க ஒரு தரம் வந்து பாருங்க."

அம்மா அப்பாவை முறைத்தார். அப்பா ரசத்தில் கவனமாக இருந்தார். அந்த வாரம் வருவதாக அம்மா சொன்னார், தலைவலி வந்தது. அடுத்த வாரம் ரேஷன் கடை. அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ. அம்மாவுக்கு நாற்றம் பிடிக்காது, அதனால்தான் வரவில்லை என்று நான் நினைத்தேன்.

பிறகு ஆடு வந்தது. சுவர் இடிந்திருந்த பக்கமாக உள்ளே நுழைந்த ஒரு ஆடு இரண்டு கொம்பில் ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டது. பக்கத்துத் தண்டுகளிலும் பாதி போய்விட்டது. நாங்கள் போனபோது வெட்டுவாயில் தண்ணீர் கசிந்து காய்ந்திருந்தது. அத்தை வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். கல்லறையில் அழாதவர், ஆஸ்பத்திரியிலிருந்து ஃபிளாஸ்க் திரும்பி வந்த நாளில் அழாதவர், ஒரு காய்க்காகச் சத்தமாக, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்த் தன் கட்டிலில் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்து, ஒரு மூலையை அரிவாள்மணையில் அறுத்துக் கொண்டுவந்தார்.

"எழுந்திரு. ஒன்னு இருக்குதுல்ல? அதுக்குக் கட்டிட்டு வரலாம். முழுசா மூடிக் கட்டினா ஆடும் வாய் வெக்காது, வெதையும் பறக்காது."

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். தோட்டத்துக்குள் அம்மா வேகவேகமாக நடந்தார். மாமாவின் கல்லறை இருக்கும் வரிசையைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். செடிக்கு முன்னால் உட்கார்ந்து கொசுவலையைப் பை மாதிரிச் சுருக்கி, ஊசிநூலால் தைத்து, காயை நோகாமல் உள்ளே விட்டுக் கட்டினார். மீந்த துண்டால் பெட்டியைச் சுற்றி ஒரு வேலி. எல்லாம் முடிந்து திரும்பும்போது, போகும்போது தாண்டிய அந்த வரிசையில் நின்றார். மெதுவாகப் போய்ச் சிலுவையின் மேல் கையை வைத்தார்.

"காய் நல்லா கொழுகொழுன்னு இருக்குடா" என்றார்.

அடக்கம் முடிந்த பிறகு திருநாளுக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் தவிர அம்மா அங்கே வந்ததே இல்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. மறக்க மாட்டாள் என்று அத்தையைப் பற்றி உபதேசியாரிடம் சொன்னபோது அம்மா யாரைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று இப்போது யோசிக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஒரு பெண்ணையே கவனித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தோட்டத்துக்குப் போக முடியாமல் இருந்தவர் இன்னொருவர்.

சாம்பல் புதன் நெருங்கியது. காரைக்காலிலிருந்து அத்தையின் அண்ணனும் வந்தார். அம்மாவே அவரைச் சாப்பிடவைத்து, "காய் வெடிக்கட்டும் தம்பி, அனுப்பறேன்" என்று திருப்பி அனுப்பினார். எந்தக் காய் என்று அவருக்குப் புரிந்திருக்காது. குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் ஓலையோடு போனபோது கொசுவலைப் பை வெள்ளையாக உப்பியிருந்தது. காய் நீளவாக்கில் பிளந்து, பழுப்பு விதைகள், ஒவ்வொன்றின் தலையிலும் பட்டு மாதிரி ஒரு குஞ்சம். எருக்கம்பஞ்சு பார்த்திருப்பீர்கள், அதேதான். இரண்டும் ஒரே குடும்பம். வலை இல்லாவிட்டால் அன்றைய கடற்காற்றில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

குறுக்காக வெட்டிய எண்ணெய் டின்னில், அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண் சரளையில் தூவினோம். சில நாளில் முளைத்தன, கடுகு அளவில் பச்சை உருண்டைகள். "நாத்து கொஞ்சம் பெருசாவட்டும், அப்பறம் காரைக்கால் போலாம்" என்றார் அம்மா. நாற்று பெரிதாக மிக மெதுவான செடி அது. அத்தை காரைக்கால் போகவே இல்லை. கம்ப்யூட்டர் படித்தார், காலாப்பட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது, சில வருடம் கழித்து அங்கே உடன் வேலை செய்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். நாங்கள்தான் முன்னால் நின்று நடத்தினோம். மீட்டர் பெட்டி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கொசுவலைப் பையும் எங்கோ போய்விட்டது. விதையில் முளைத்தவை இன்று அத்தை வீட்டு மாடியில் தொட்டி தொட்டியாக இருக்கின்றன. பூக்கும் மாதத்தில் சித்தப்பா, அத்தை வீட்டுக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், மாடிக்கு வருவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அத்தையிடம் வெகுநாள் சொல்லாமல் இருந்தேன். இந்த வகைச் செடிகள் பெரும்பாலும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை என்று படித்திருந்தேன். மாமா கொண்டுவந்தது ஒரே துண்டு. அதிலிருந்து பெருகிய தண்டுகள் எல்லாம் ஒரே செடி. அது காய்த்தது என்றால், ஈ பறக்கும் தூரத்துக்குள் இன்னொரு செடி இருந்திருக்க வேண்டும். அத்தைக்கு அந்தக் காய் மாமா கொடுத்தது. அதில் ஊர் பேர் தெரியாத இன்னொன்றைக் கொண்டுவந்து சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

போன கல்லறைத் திருநாளன்று சொல்லிவிட்டேன். வழக்கம் போல அத்தை ஒரு தொட்டி கொண்டுவந்திருந்தார், மொட்டோடு. தலைமாட்டில் இல்லை, பழகிப்போன பின்சுவர் மூலையில் வைப்பதற்கு. சொல்தா கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"அப்ப இது ஒன்னுதான் மிச்சம்னு நாம நெனச்சது தப்பா?"

"தப்புதான் அத்தை. வேற ஒன்னு இருந்துருக்கு."

"எங்க?"

"தெரியாது. தேடிப் பாத்தேன். இந்தத் தோட்டத்துக்குள்ள இல்ல. இப்ப இருக்குதோ இல்லையோ."

அத்தை சுவரைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஒரு காலி மனை. "தெரியாததனாலதான வெச்சிருக்கேன்னு சொல்லுவாரு" என்றார். "அவருக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கும்."

எங்கள் தொட்டியில் மொட்டு அப்போது இன்னும் விரிந்திருக்கவில்லை. அதை அன்றே நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சாமியார் முன்வரிசையில் மந்திரித்துக்கொண்டிருந்தார். காற்று திரும்பியது. பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று மூக்கை மூடிக்கொண்டு, "எங்கயோ எலி செத்துருக்கு" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, எக்கி நின்று, கண்ணை மூடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"அந்தப் பக்கந்தான்டி" என்றார் சிரித்துக்கொண்டே. "நீ ஏறு, நான் புடிச்சுக்கறேன்."